பெரிய வீடு, இரண்டே பேர்: பூட்டிக்கிடக்கும் மாடியை என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சிப் பக்கம் பழைய வீடுகளைப் பழுதுபார்த்துக் கொடுப்பது என் தொழில். கடந்த சில வருடங்களாக வேலைக்குக் கூப்பிடும் வீடுகளில் பாதிக்கு மேல் ஒரே கதைதான். எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ கடன் வாங்கிக் கட்டிய தனி வீடு. மாடியில் மகனுக்கு ஓர் அறை, மகளுக்கு ஓர் அறை. மகன் டல்லாஸில், மகள் பெங்களூரில். கீழே எழுபதைத் தாண்டிய இருவர், சில வீடுகளில் ஒருவர் மட்டும். தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2021-இல் மக்கள்தொகையில் 13.6 சதவீதம் என்பது மதிப்பீடு. நாடு முழுக்க எடுத்தால் அது 10.1 தான். ஆகவே இந்தக் கதை இன்னும் பெருகும். திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மாடி சும்மாதான் கிடக்கிறது. ஒரு தடுப்புச் சுவர் வைத்து வாடகைக்கு விட்டால் போதாதா?

போதாது. ஒரு வீட்டை இரண்டாக்குவது சுவர் அல்ல. வாசல், படி, தண்ணீர், கழிவறை இந்த நான்கும் தனித்தனியாக இருந்தால் சுவரே இல்லாவிட்டாலும் அது இரண்டு வீடு. இதில் ஒன்று பொதுவாக இருந்தாலும், எத்தனை சுவர் வைத்தாலும் அது ஒரே வீடுதான். மூன்றாவது மாதம் சண்டை வரும்.

இது நானாகக் கண்டுபிடித்தது இல்லை. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் இருந்த ஒண்டுக்குடித்தனங்களை நினைத்துப் பாருங்கள். சென்னைக்காரர்கள் அதை 'ஸ்டோர்' என்பார்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் ஒற்றை அறைக் குடித்தனங்கள், பின்கட்டில் ஒரு குழாய், ஒன்றிரண்டு கழிவறை. அறைகள் போதவில்லை என்பதைவிடக் காலையில் குழாயடியிலும் கழிவறை வாசலிலும் நின்றதுதான் மக்களுக்குக் கசந்தது. முற்றத்தில் உட்கார்ந்து பேசியதை இன்றும் ஏக்கத்தோடு சொல்பவர்கள் உண்டு. கழிவறை வரிசையை ஏக்கத்தோடு சொல்லி நான் ஒருவரையும் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் படி ஹாலுக்குள் இருக்கிறது. என்ன செய்யலாம்?

அந்தக் காலத்து வீடுகளில் இதுதான் பெரிய தலைவலி. ஹாலுக்குள் படி வைத்தால் பங்களா மாதிரி இருக்கும் என்று ஓர் ஆசை. வாடகைக்கு வருபவர் இரவு பத்து மணிக்கு உங்கள் சோபாவைத் தாண்டி மேலே போக முடியுமா?

முதல் வழி: படி வாசற்கதவுக்கு அருகிலேயே ஆரம்பித்தால், படியை மட்டும் ஹாலிலிருந்து பிரித்து நாலரை அங்குலச் சுவர் ஒன்று எழுப்பி, வெளிவராந்தாவில் இரண்டாவது கதவு வைத்துவிடலாம். செலவு குறைவு, ஒரு வாரத்தில் முடிகிற வேலை. ஹாலில் வெளிச்சம் குறையும். அதற்குச் சுவரின் மேல்பகுதியில் கண்ணாடிப் பட்டை விடுங்கள்.

இரண்டாவது வழி வெளியே இரும்புப் படி. இதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். தரையிலிருந்து மாடித் தளம் வரை பத்தரை அடி என்று வையுங்கள். ஒரு படி ஆறு அங்குல உயரம் என்றால் இருபத்தொரு ஏற்றம். மிதி பத்து அங்குலம் என்றால் நேராகப் போட ஏறக்குறைய பதினேழு அடி நீளம் வேண்டும். நடுவில் திருப்பம் வைத்தால் நீளம் பாதியாகும், அகலம் இரண்டு மடங்காகும். பக்கத்துச் சந்து மூன்றடிதான் என்றால் படி முழுச் சந்தையும் விழுங்கிவிடும். அப்புறம் செப்டிக் டேங்க் மூடியைத் திறக்க வழி இருக்காது. காலி விட வேண்டிய இடத்தில் படி போட உள்ளாட்சி அனுமதியும் வேண்டும். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் இப்போது மாநிலம் முழுக்கப் பொருந்தும். உரிமம் பெற்ற ஒரு பொறியாளரிடம் அளவைக் காட்டிக் கேட்டுக்கொண்டு வெல்டரைக் கூப்பிடுங்கள். தலைகீழாகச் செய்பவர்களே அதிகம்.

சுருள் படி வேண்டாம். இடம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் அதில் பீரோ ஏறாது, ஃபிரிட்ஜ் ஏறாது, முழங்கால் வலிக்காரர் ஏறவே மாட்டார்.

எந்தச் சுவரை இடிக்கலாம், எதை இடிக்கக் கூடாது?

ஃபோனில் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. பொதுவாகச் சொல்ல வேண்டுமானால், தொண்ணூறுகள் வரை கட்டிய தனி வீடுகளில் பெரும்பாலானவற்றில் பில்லர் கிடையாது. ஒன்பது அங்குலச் சுவர்களே தளத்தைத் தாங்குகின்றன. அதில் ஒன்றை எடுத்தால் தளத்தின் கைத்தடியைப் பிடுங்கியது மாதிரி. நாலரை அங்குலச் சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்பு, எடுக்கலாம். 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பூச்சைத் தட்டிப் பார்க்காமல் எந்த மேஸ்திரியும் உறுதியாகச் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னும் பழைய வீடு என்றால் மேல்தளம் மெட்ராஸ் டெரஸாக இருக்கலாம். தேக்கு உத்திரங்கள், அவற்றின்மேல் செங்குத்தாக அடுக்கிய சின்னச் செங்கல், சுண்ணாம்புக் காரை, மேலே தட்டோடு. நூறு வருடம் நிற்கும், தண்ணீர் இறங்காதவரை. அதன்மேல் கழிவறை கட்டச் சொல்லி என்னிடம் வந்த மூன்று வேலைகளை வேண்டாம் என்று விட்டிருக்கிறேன்.

மாடியில் சமையலறையும் குளியலறையும் புதிதாக வைக்க வேண்டும். எங்கே வைப்பது?

கீழே சமையலறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே சமையலறை, கீழே குளியலறைக்கு நேர் மேலே குளியலறை. வாஸ்து என்ன சொல்கிறதோ எனக்குத் தெரியாது, குழாய் சொல்வது இதுதான். தண்ணீர் ஏறும் குழாயை எப்படியும் வளைக்கலாம். கழிவு இறங்கும் நாலு அங்குலக் குழாய்க்கு வாட்டம் வேண்டும். கழிப்பறைக் கோப்பையை வெளிச்சுவரை ஒட்டி வைத்தால் குழாய் நேராகச் சுவரைத் தாண்டி இறங்கிவிடும்.

ஏற்கெனவே போட்ட தளத்தை வெட்டிப் பள்ளம் எடுக்காதீர்கள். குளியலறைத் தரையை முக்கால் அடி உயர்த்தி, அந்த இடைவெளிக்குள் குழாயைப் படுக்க வையுங்கள். படுக்கையறையிலிருந்து ஒரு படி ஏறிப் போக வேண்டியிருக்கும், பரவாயில்லை. மேலே இளம் ஆட்கள்தான் இருக்கப்போகிறார்கள். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசியதும் டைல்ஸ் ஒட்ட அவசரப்பட வேண்டாம். வாயிலை அடைத்து, இரண்டு நாள் தண்ணீரைத் தேக்கி வைத்துவிட்டு, கீழே உங்கள் குளியலறை சீலிங்கை அண்ணாந்து பாருங்கள். இந்த இரண்டு நாளைக் கொடுக்காத வீடுகளில்தான் பிறகு வீட்டுக்காரர் மேலே போய், "கொஞ்சம் குறைவாகக் குளியுங்கள்" என்று கேட்க வேண்டியதாகிறது.

செப்டிக் டேங்க்கை மறந்துவிடுகிறார்கள். நாலு பேருக்காகக் கட்டியதில் எட்டுப் பேர் சேர்ந்தால் அடிக்கடி நிரம்பும். தெருவில் பாதாளச் சாக்கடை வந்திருந்தால் முதலில் அந்த இணைப்பை முடித்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

தண்ணீர் மோட்டாரை யார் போடுவது?

சிரிக்காதீர்கள். என் அனுபவத்தில் வீட்டுக்காரர், குடித்தனக்காரர் சண்டையில் முதலிடம் மோட்டாருக்குத்தான். மொட்டை மாடியில் ஆளுக்கொரு டேங்க் வையுங்கள். சம்ப் ஒன்றாகவே இருக்கட்டும். மோட்டாருக்குத் தானாக நின்று ஓடும் கருவி மாட்டிவிட்டால் யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம். டேங்க்குகளை இணைக்கும் குழாயை மட்டும் போடவே போடாதீர்கள். மேலே குழாயைத் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போனால் உங்கள் டேங்க்கும் சேர்ந்து காலியாகும்.

கரண்ட் மீட்டர்?

தனி மீட்டர் வாங்கிவிடுங்கள். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் ஓடினால் யூனிட் கூடக் கூட அடுக்கு ஏறி, இருவருக்கும் விலை கூடும். தனி வாசலும் தனிச் சமையலறையும் இருந்தால் இரண்டாவது இணைப்புக் கேட்க நியாயம் இருக்கிறது. ஒரே குடும்பம் புழங்கும் வீட்டில் அறைக்கொரு மீட்டர் வைத்து ஏமாற்றப் பார்த்தால் வாரியம் ஒன்றாக்கிவிடும். சப்-மீட்டர் மாட்டி, வாரியம் வாங்குவதைவிட அதிகமாக யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் பழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. அது வேண்டாம். பணத்தைவிட மரியாதை அதில்தான் முதலில் போகிறது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கீழ் வீட்டில் என்ன மாற்ற வேண்டும்?

மாடியை வாடகைக்கு விடுவதைப் பற்றிக் கேட்பவர்கள் இதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

பழைய வீட்டில் குளியலறைக் கதவு இரண்டரை அடிதான் இருக்கும். நிலைச் சட்டம் போக மிச்சமிருப்பதில் சக்கர நாற்காலி உரசும், அல்லது நுழையவே நுழையாது. மூன்றடி நிலை வைத்து, கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டுங்கள். உள்ளே விழுந்தவர் கதவின்மேல் சாய்ந்து கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் திறக்க முடியாது. நிலைக்குக் கீழே உள்ள வாசற்படிக் கல்லை எடுத்துவிடுங்கள். கோப்பைக்குப் பக்கத்தில் பிடிமானக் கம்பி, வழுக்காத தரை. கம்பியை ஓட்டைச் செங்கலில் வெறும் பிளக் வைத்து மாட்டாதீர்கள், ஆள் எடையைத் தாங்காது.

வாசலுக்குச் சரிவுப் பாதை கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். ஓர் அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் பாதுகாப்பான சரிவு. மழைக்குப் பயந்து இரண்டரை அடி உயரத்தில் அடித்தளம் போட்ட வீட்டுக்கு முப்பது அடி நீளம் வேண்டும். முன்பக்கம் பத்தடிதானே இருக்கிறது? காம்பவுண்டு சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் கொண்டுபோய், பின்வாசல் வழியாக நுழைய முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் குறுகலான செங்குத்துச் சரிவு போட்டு ஆபத்தை வாங்க வேண்டாம். படிகளையே நாலரை, ஐந்து அங்குல உயரத்துக்குத் தாழ்த்தி, இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள். நடக்கிறவருக்கு அதுவே நல்லது.

மாடியில் மகனே குடும்பத்தோடு இருக்கப்போகிறான். அப்போதும் தனிச் சமையலறை வேண்டுமா?

வேண்டும். "ஒரே குடும்பம்தானே" என்று சொல்லும் அப்பாக்களிடம் நான் செட்டிநாட்டைச் சொல்வேன். நகரத்தார் வீடுகளில் வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. கல்யாணம் ஆன கொஞ்ச காலத்தில் அந்தத் தம்பதியை 'வேறு வைத்து'விடுவார்கள். அதே வீடு, அதே வாசல், ஆனால் அவர்கள் அடுப்பு தனி, கணக்கு தனி. கோபித்துக்கொண்டு பிரிவது இல்லை இது, முறையாகச் செய்துவைக்கும் வழக்கம். கூட்டுக் குடும்பம் என்றால் ஒரே அடுப்பு என்று யார் சொன்னது? நாலு தலைமுறை ஒரே கூரையின்கீழ் இருந்ததற்கு அடுப்பு பிரிந்திருந்ததும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மாடியில் ஒரு மேடை, ஒரு தொட்டி, ஒரு சிலிண்டர் இருந்தால் போதும். தினம் கீழேயே சாப்பிட்டாலும் சரி. இருக்கிறது என்பதே பெரிய நிம்மதி, முக்கியமாக மருமகளுக்கு.

செட்டிநாட்டு வீடு என்றீர்கள். எங்களுக்கே காரைக்குடிப் பக்கம் ஒரு பூர்வீக வீடு பூட்டிக்கிடக்கிறது. அதை என்ன செய்யலாம்?

அது வேறு கணக்கு. அங்கே தடை கட்டடம் அல்ல, பங்கு. ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது, சிலவற்றுக்கு இன்னும் அதிகமான பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் மலேசியாவில், ஒருவர் சென்னையில். ஒரு ஓடு மாற்றக்கூட எல்லோரும் சம்மதிக்க வேண்டும். முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கதவு திறக்கும். சம்மதம் கிடைக்காத வீடுகளில் கடைசியில் நடப்பது இடிப்புதான். அந்தத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருளாக விலை பேசப்படும்.

பிழைத்தவையும் உண்டு. காரைக்குடியில் பங்களா, கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் ஆகியவை விடுதிகளாக மாறி நிற்கின்றன. ஆனால் எல்லா வீடும் ஹோட்டல் ஆக முடியாது, அத்தனை விருந்தாளிக்கு எங்கே போவது? முகப்பையும் முதல் வளவையும் பங்காளிகளின் விசேஷத்துக்கு வைத்துக்கொண்டு, பின்கட்டை மட்டும் குடித்தனத்துக்கு விடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். பின்கட்டுக்கு வழக்கமாகவே தனித் தெருவாசல் இருக்கும், கிணறும் அங்கேதான். ஆள் புழங்கினால் கரையான் வராது, ஓடு உடைந்தால் அன்றே தெரியும். அதற்கு முன் எல்லாப் பங்காளிகளும் ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். இதற்கே ஒரு வருடம் ஆகலாம்.

வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு எழுதினால் போதுமல்லவா?

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் வந்த வழக்கம் அது. இப்போது அதோடு முடியவில்லை. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி எத்தனை மாத ஒப்பந்தமாக இருந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது சட்டம். சென்னையில் பத்து மாதம் வாங்கிப் பழகியவர்களுக்கு இது இன்னும் கசக்கிறது.

வாடகைக்குப் பதில் ஒத்திக்கு விட்டால் மொத்தமாகப் பணம் வரும், அதிலேயே மாடி வேலையை முடித்துவிடலாம் என்கிறார்களே?

ஒத்தி, போக்கியம், லீஸ் என்று ஊருக்கொரு பெயர். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் குடிவைப்பது, காலம் முடிந்ததும் தொகையைத் திருப்பிக் கொடுப்பது. பணம் உங்களுடையது அல்ல என்பதுதான் விஷயம். அதைக் கம்பியும் சிமென்ட்டுமாக மாற்றிவிட்டால் மூன்றாம் வருடம் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பீர்கள்? அடுத்த ஒத்திக்காரரைத் தேட வேண்டும். அவர் கிடைக்கும்வரை பழையவர் காலி செய்ய மாட்டார், அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. எழுபத்தைந்து வயதில் இந்த ஓட்டம் தேவையில்லை. தொகையை வங்கியில் போட்டு வட்டி எடுப்பவராக இருந்தால் மட்டும் ஒத்தியை யோசியுங்கள்.

பெண்கள் விடுதியாக நடத்தினால்?

கல்லூரியோ மருத்துவமனையோ பக்கத்தில் இருந்தால் வருமானம் நல்லதுதான். ஆனால் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். காப்பாளர், காவலர், பதிவேடு எல்லாம் உண்டு. அது தொழில், ஓய்வுகால ஏற்பாடு அல்ல. வேலைக்குப் போகும் இரண்டு பெண்களுக்கு மாடியைக் குடித்தனமாக விடுவது வேறு, அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

வீட்டை இப்போதே மகன் பெயருக்கு மாற்றிவிட்டால் நிர்வாகம் சுலபம் இல்லையா?

அவர் வெளிநாட்டில் இருந்தால் சுலபம் அல்ல, சிக்கல். வெளிநாடுவாழ் உரிமையாளருக்கு வாடகை கொடுப்பவர், வாடகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். இதைக் கேட்டதும் நல்ல குடித்தனக்காரர் வேறு வீடு பார்க்கப் போய்விடுவார். அப்பா பெயரிலேயே இருந்தால் வாடகையில் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழித்து, எஞ்சியதைத்தான் வருமானத்தில் சேர்ப்பார்கள். வேறு பெரிய வருமானம் இல்லாதவருக்கு வரியே வராமலும் போகலாம்.

எழுதிக்கொடுக்கத்தான் வேண்டும் என்றால் உயிரோடு இருக்கும்வரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் தங்களுக்கு உரிமை உண்டு, கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற இரண்டையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிப்பு நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்ய வழி தருகிறது. நிபந்தனை எழுத்தில் இருந்தால் அலைச்சல் குறையும். "என் பிள்ளைமேல் எனக்கு நம்பிக்கை இல்லையா?" என்பார்கள். பிள்ளைமேல் இருக்கட்டும் நம்பிக்கை, பத்திரத்தில் இருக்கட்டும் நிபந்தனை.

இதற்கெல்லாம் பதிலாக பில்டரிடம் கொடுத்து ஃபிளாட் ஆக்கிவிடலாமே?

ஆக்கலாம். இரண்டு வருடம் வாடகை வீட்டில் இருக்க எண்பது வயதுக்காரர் தயாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மூன்றாகவும் ஆகும்.

எல்லாம் சரி. அம்மா மாடிக்கு வெளி ஆளை விட மாட்டேன் என்கிறார்.

பயம் ஒரு பக்கம். அதைவிட, மேலே இருப்பது அறை அல்ல, சாமான். மகளின் சீர்ப் பாத்திரம், மகனின் பத்தாம் வகுப்புப் புத்தகம், அப்பாவின் எல்.ஐ.சி. ரசீதுக் கட்டுகள், மூன்று தலைமுறைக் கொலுப் பொம்மைகள். யாரோ குடிவரப்போகிறார்கள் என்பதைவிட இதெல்லாம் எங்கே போகும் என்பதுதான் அவரது கேள்வி. பிள்ளைகள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது கோயில் குளம் என்று சுற்றாமல் நாலு நாள் மேலே உட்கார்ந்து பிரியுங்கள், அம்மாவையும் நாற்காலி போட்டு உட்கார வைத்து. பாத்திரத்தை மகள் எடுத்துப் போகட்டும். ரசீதுகளை அப்பா பார்த்துக் கிழிக்கட்டும். பொம்மைப் பெட்டிகளை வைக்கக் கீழ் வீட்டில் ஓர் இடம் வேண்டும். பழைய பரண் உயரத்தில் இருக்கும், அம்மாவுக்குக் கை எட்டாது. மாடிப்படிக்குக் கீழே உள்ள இடத்தில் கடப்பாக்கல் பலகை மூன்று வைத்துக் கதவு போட்டால் நவராத்திரிக்கு அவரே எடுத்துக்கொள்வார். வேலையை நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.